மேற்கு என்று அவள் காட்டிய பக்கம்

வழி பார்க்கப் போன் வேண்டும் என்பது என் கட்சி. வரைபடத் தாள் போதும் என்பது என் மனைவியின் கட்சி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வாசலில் இந்தத் தகராறு நடக்காமல் நாங்கள் நடக்கக் கிளம்பியதே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பார்.

எங்கள் வீடு ராசிபுரத்தில். எனக்குச் சர்க்கரை கூடியபோது டாக்டர் நடக்கச் சொன்னார். மெயின் ரோட்டோரமாக நடந்து பார்த்தேன். கோழித்தீவன லாரி ஒன்று என் சட்டைக் கையை உரசிக்கொண்டு போன அன்றைக்கு அவள் முடிவு சொன்னாள். "சக்கரைக்கு முன்னாடி லாரி கொண்டுக்கிட்டுப் போயிரும். காட்டுப் பக்கம் போலாம் வாங்க." எங்கள் பக்கத்தில் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. சோளமும் மரவள்ளியும் கடலையும் விளைகிற நிலம்தான் காடு. அந்தக் காடுகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்து, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண்தடம் விட்டிருப்பார்கள். அதற்கு இட்டேரி என்று பெயர். வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு வாரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு வாரம் என்று இட்டேரி இட்டேரியாக நடந்தோம்.

அவள் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கிராம வரைபடம் வரைவதும் திருத்துவதும் அவள் வேலை. அச்சடித்த வரைபடங்கள் ஒரு கட்டு வீட்டில் இருந்தன. அன்றைக்கு எந்த ஊர் எல்லைக்குள் நடக்கப்போகிறோமோ அந்த ஊர்ப் படத்தை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாள். ஒரு ஊரின் படம் அந்த ஊர் எல்லையோடு நின்றுவிடும். எல்லைக்கு வெளியே பக்கத்து ஊரின் பெயர் மட்டும் எழுதியிருக்கும், மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. அதைக் கடந்தால் அடுத்த தாளை எடுக்க வேண்டும். "உலகமே உன் தாளோட முடிஞ்சு போச்சா?" என்று நான் கேலி செய்வேன்.

நான் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் காலம் தள்ளியவன். வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே "சுங்கச்சாவடி தாண்டிட்டனுங்க" என்பார்கள். வந்த பிறகு அந்தப் பொய்க்கு வழியில்லாமல் போனது. திரையில் புள்ளி நகர்ந்தால் வண்டி ஓடுகிறது, நகராவிட்டால் தூங்குகிறது. அதனால் எனக்குப் போன் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஆகாததற்குக் காரணம் திசை. எங்கள் ஊர்க்காரர்கள் வலது இடது என்று வழி சொல்ல மாட்டார்கள். கெழக்கால போயி, தெக்கால திரும்பி, மேக்கால பார்த்த ஊடு என்பார்கள். எனக்கும் சின்ன வயதில் அந்தப் பேச்சுதான். லாரி ஆபீசில் ஊர் ஊரான ஆட்களோடு பேசிப் பேசி லெப்டு ரைட்டு ஆகிவிட்டேன். அவள் மாறவே இல்லை. சாப்பிடும்போது "ரசத்தச் சித்தெ வடக்கால தள்ளுங்க" என்பாள். படுக்கையில் "தெக்கால தள்ளிப் படுங்க, சொவத்துல இடிக்குது" என்பாள். புது ஊரில், புது வீட்டில், ஜன்னல் இல்லாத கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டாலும் திசை சொல்லிவிடுவாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், எப்படித் தெரியாமல் போகும் என்று என்னைத் திருப்பிக் கேட்பாள்.

போனில் வழி சொல்லும் பெண் குரல் "சற்றுத் தூரத்தில் வலதுபுறம் திரும்பவும்" என்று சொல்லும். உடனே இவள், "ஆரோட வலதுங்க? அவளுதா, உங்களுதா?" என்பாள். நாம் திரும்பினால் போனில் உள்ள படமும் கூடவே திரும்புவது அவளுக்குப் பொறுக்காது. "மலை சுத்துமாங்க? ஏரி சுத்துமாங்க? மனுசந்தானே சுத்தோணும்?"

இரண்டுமே எங்களை ஏமாற்றியிருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை என் போன் எங்களை நேராகக் கோழிப்பண்ணை வேலிக்குள் கொண்டுபோய்விட்டது. பண்ணை நாய் என்னை மட்டும் குறி வைத்துத் துரத்தியது. அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "இப்ப வலதா இடதான்னு அவளக் கேளுங்க" என்று சிரித்தாள். இன்னொரு தடவை அவள் தாளில் இட்டேரி இருந்த இடத்தில் நிஜத்தில் வீட்டுமனைக் கற்கள் மஞ்சள் பெயிண்ட் அடித்து வரிசையாக நின்றன. அன்றைக்கு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த இட்டேரியைத் தன் கையால் வரைந்திருந்தாளாம்.

தாள் கொண்டுபோவதில் வேறொரு தொந்தரவும் உண்டு. எங்கள் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் காட்டுக்குள் நின்று வரைபடத்தை விரித்துவிட்டால் போதும், எங்கிருந்தோ ஆட்கள் வந்துவிடுவார்கள். விரித்தவர் ஒன்று நில புரோக்கராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புது ரோட்டுக்கு நிலம் எடுக்க அளக்க வந்த கவர்மெண்டு ஆளாக இருக்க வேண்டும். சும்மா நடப்பதற்கு ஒருவர் படம் எடுத்து வருவார் என்பதை யாரும் நம்பியதில்லை. "ஏனுங்க, எங்க காட்டு மேலயா ரோடு போவுது?" என்று ஒரு பெண் களைக்கொத்தோடு ஓடி வந்து அழுதே விட்டாள். ரோடெல்லாம் இல்லை, நாங்கள் சர்க்கரைக்கு நடக்கிறோம் என்று விளக்கி, அவள் முகம் தெளிந்து, இரண்டு கை கடலையைப் பிடுங்கிக் கொடுத்து அனுப்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆபத்தில்லை என்று தெரிந்ததும் அவரவர் எல்லைத் தகராறைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். என் மனைவிக்கு அது பிடிக்கும். வரப்பில் உட்கார்ந்து, படத்தில் அவர்கள் புல எண்ணைத் தேடி, உங்கள் காட்டுக்குத் தெற்கே ஓடை, மேற்கே இட்டேரி என்று பதில் சொல்வாள். நான் வெயிலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், நாமகிரிப்பேட்டைப் பக்கம், இட்டேரி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்றோம். பொழுது அப்போதுதான் கிளம்பியிருந்தது. வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். கையை முன்னால் நீட்டி, "இப்பிடியே மேக்கால போனா ஏரி வந்துரும்" என்றாள்.

நான் சிரித்தேன். எனக்காகச் செய்கிற வேடிக்கை என்று நினைத்தேன். "அப்படியா, இன்னைக்குப் பொழுது மேக்கால கெளம்பியிருக்குதா?" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சூரியனைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், தாளைத் தலைகீழாகத் திருப்பினாள், மறுபடியும் நேராக்கினாள். அதற்குள் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தாளைத் திருப்பி நான் பார்த்ததே இல்லை. தாள் நிற்கிற பக்கம் தன்னைத் திருப்பிக்கொள்கிறவள் அவள்.

"தூக்கம் பத்தலீங்க" என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு ஏரிக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் திருட்டுத்தனமாகக் கவனிக்கத் தொடங்கினேன். எனக்குக் கிழக்கே உட்கார்ந்துகொண்டு ரசத்தை வடக்கே தள்ளச் சொல்வாள். நானும் அவள் கைக்கு எட்டுகிற பக்கம் தள்ளி வைப்பேன். பிறகு திசை சொல்வதையே குறைத்துக்கொண்டாள். "அத இப்பிடி வைங்க" என்று கையைக் காட்டினாள். கடைத்தெருவிலிருந்து வரும்போது எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள், தெரிந்த பெண்ணைப் பார்த்துப் பேசப் போனதாகச் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

சேலத்துக்குக் கூட்டிப்போனேன். மூளைக்கான டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். மறதி நோயின் ஆரம்பம். இடத்தையும் வழியையும் வைத்திருக்கிற பகுதி முதலில் போகிறது, பேச்சும் பழைய கைவேலையும் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும் என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார் பாவம். ஆனாலும் வந்தது. முதலில் போவதற்கு அவளிடம் வேறு எதுவும் கிடைக்கவில்லையா? எங்கள் வீட்டில் ஒருவருக்குத் திசை போகத்தான் வேண்டும் என்றால் எனக்குப் போயிருக்கலாமே. அதை வைத்துக்கொண்டு நான் என்ன கிழிக்கிறேன்?

தனியாக வெளியே விடாதீர்கள், இருக்கிற இடம் தெரிகிற மாதிரி போனோ வேறு ஏதாவதோ கையில் கொடுத்து அனுப்புங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் வரும்போதே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். போன் விஷயம் வந்ததும்தான் என்னைப் பார்த்தாள்.

"நான் என்ன லாரியா?" என்றாள்.

அந்தக் கோபத்தைப் பார்த்ததில் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்கூட. பழைய ஆளே பேசுகிற மாதிரி இருந்தது. தாளைப் பார்த்தால் தனக்குப் புரிகிறது, புரிகிற வரைக்கும் தாளோடுதான் நடப்பேன் என்றாள். உண்மையில் அவளுக்குப் புரிந்தது. வீட்டு மேசையில் படத்தை விரித்து எந்தக் கோட்டைக் கேட்டாலும் இது ஓடை, இது வண்டிப்பாதை, இது கிணறு என்று தயங்காமல் சொன்னாள். தாளுக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் எந்தத் தாளிலும் அச்சடித்திருக்காது. அதை அவள்தான் இத்தனை நாளும் தன் தலையிலிருந்து எடுத்து அதில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கே அது அப்போதுதான் உறைத்தது.

நான் கூடவே போனேன். ஞாயிறு மட்டும் என்பது போய் தினமும் ஆனது. அவளுக்கு அது காவல் என்று தெரிந்தது. "உங்களுக்குச் சக்கரை இத்தன ஏறிப்போச்சா?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் அவள் செருப்பு இல்லை. கைப்பையும் இல்லை. காய்ச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒரு பால்காரர், கையில் படம் வைத்துக்கொண்டு ஒரு சர்வேயரம்மா வெண்ணந்தூர்ப் பக்கம் போனார்கள் என்றார். அந்தப் பட்டம் அன்றைக்கு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. இட்டேரி இட்டேரியாகச் சர்வேயரம்மாவைக் கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு கிணற்றைத் தாண்டும்போதும் எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுவர் கிடையாது.

ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். கயிற்றுக் கட்டில் மேல் படம் விரிந்திருந்தது, பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு தேங்காய் வைத்திருந்தார்கள். சுற்றிலும் அந்த வீட்டுக் குடும்பம் நின்றது. வீட்டுக்காரப் பெரியவர், அவர் மனைவி, மருமகள். அவள் விரலை வைத்து, "உங்க காட்டுக்கு வடக்கால ஒரு வண்டிப்பாதை இருக்கோணுங்க. ஆரோ உழுதுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் தெளிவாக இருந்தது. பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "வாங்க சாமி, உக்காருங்க" என்றார் என்னைப் பார்த்து. "அம்மா வெவரமா எடுத்துச் சொல்றாங்க. நாளைக்கே ஒரு பெட்டிசன் போட்டர்றனுங்க."

நான் கட்டிலருகே போனேன். படத்தின் தலையில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஊர் ஒன்று. நாங்கள் நின்றிருந்தது வெண்ணந்தூர்ப் பக்கம்.

இவர்கள் நாளைக்குப் பக்கத்துக் காட்டுக்காரனோடு சண்டைக்குப் போய்விடுவார்களே என்று பயந்தேன். ஆனால் அத்தனை பேர் முன்னால், அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, இது வேறு ஊர்ப் படம் என்று சொல்ல என்னால் ஆகவில்லை. கொடுத்த மோரைக் குடித்தேன். அவள் முடிக்கும் வரை நின்றேன். மறுநாள் தனியாகப் போய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் என்னைச் சொல்லி முடிக்க விடவில்லை.

"தெரியுமுங்க. மருமக ஊர்ப் பேரப் படிச்சுட்டா. வெயில்ல எங்கயாச்சும் போயிருவாங்களேன்னு மோர் குடுத்து உக்கார வெச்சமுங்க. ஆராச்சும் தேடி வருவீங்கன்னுதான் கேள்வி மேல கேள்வி கேட்டுட்டே இருந்தனுங்க. பெட்டிசனெல்லாம் சும்மா சொன்னதுங்க."

அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால், அன்றைக்கு அவளை அங்கிருந்து கூட்டி வரும்போது, ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, வண்டியின் சீட் மேலேயே படத்தை விரித்தாள்.

"ஏனுங்க, இதுல நாம எங்கீங்க நிக்கறோம்?"

அந்தத் தாளில் நாங்கள் எங்கேயும் நிற்கவில்லை. அந்த இடம் தாளுக்கு வெளியே பல மைல் தள்ளி, சீட் ஓரத்துக்கும் அப்பால் இருந்தது. நான் நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து, இங்கேதான் என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "அங்க ஓடை இருக்கோணுமே" என்றாள். நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரை மரவள்ளிக் காடு. "ஓடை எங்கீங்க?"

தூர்ந்துபோயிருக்கும் என்று முணுமுணுத்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படத்தை மடித்தாள். வீட்டுக்கு வந்து கட்டோடு கட்டாக வைத்தாள். மறுபடி அவளாக அதை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டபோது எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருட வழக்கில் எனக்குத் தீர்ப்பு சாதகமாகிவிட்டது. அப்படி ஒரு கேவலமான வெற்றியை நான் வேறு எதிலும் அடைந்ததில்லை.

அந்த வாரமே நாமக்கல் போனேன். எங்கள் வண்டிகளுக்கெல்லாம் ஜிபிஎஸ் மாட்டிக் கொடுத்த கடைதான். "லாரிக்குங்களா, கோழி வண்டிக்குங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆளுக்கு என்றேன். "கொழந்தைக்குங்களா?" இல்லை, வீட்டுக்காரம்மாவுக்கு என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல், கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். என் போனில் அதைச் சேர்க்கும்போது வண்டி எண் என்று ஒரு கட்டம் வந்தது. அந்தக் கட்டத்தில் அவள் பெயரை அடித்தேன். அடித்துவிட்டுக் கடைக்கு வெளியே வந்து, பாடி கட்டாத லாரி ஒன்றின் பின்னால் நின்று அழுதேன்.

வீட்டில் அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். லாரியா நான் என்று கேட்டால் சொல்வதற்கு வழி நெடுக ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அதில் திரை கிடையாது, எழுத்து கிடையாது, ஒரு ஓரத்தில் பச்சை விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

"இது என்ன பண்ணுமுங்க?"

"நீ எங்க இருக்கறீன்னு எம் போன்ல காட்டும்."

"உங்களுக்குக் காட்டும்."

"ஆமா."

"எனக்குங்க?"

"எங்கிட்டக் கேளு, நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்க பக்கத்துல இல்லாத நேரத்துக்குத்தானுங்களே இது" என்றாள்.

குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. ஒரு கணக்கில் விட்டுப்போனதை எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அதைக் கழுத்தில் கட்டிவிட்டேன்.